ஒரு மனையும் ஒரு பட்டமும்



மக்காவில் செல்வந்தராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடன் சகோதரத்துவம் ஏற்படுத்தப்பட்ட அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் பொருளில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ, அவருக்காக பரக்கத்தை வேண்டி துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே மஹர் கொடுத்துத் திருமணம் செய்யும் நிலையை அடைந்தார்கள்.

இந்நிகழ்வைத் தன்மானத்திற்குச் சான்றாக நம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவியாகிய எனக்கு இதில் இன்னொரு செய்தியும் தெரிகிறது. அவரது வீடும் முதலும் மக்காவிலேயே நின்றுவிட்டன. தொழிலறிவு மட்டும் அவருடன் மதீனாவுக்கு வந்தது. ஹிஜ்ரத்தில் கூடவே நடந்து வருகிற செல்வம் எது, பின்னே தங்கிவிடுகிற செல்வம் எது என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்புகிறது. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றியே பேச்சு நடந்தது.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினம். இரத்தின வணிகத்திற்காகக் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் தலைமுறை தலைமுறையாய் ஆண்கள் சென்ற ஊர். அவர்கள் ஈட்டிய பொருளில் பெரும்பகுதி ஊருக்கு வீடாகவே திரும்பியது. அந்த வீடும் மகளுக்குரியது. திருமணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டிற்கு வருவார். பெண் பிறந்த மண்ணை விட்டு நகர்வதில்லை. ஒரு தந்தைக்கு எத்தனை பெண்மக்களோ அத்தனை கூரைகள் அவர் தோளில் ஏறும். கடலுக்கு அப்பால் கிடந்து உழைத்த பலரின் இளமை இப்படித்தான் சுவராகவும் தளமாகவும் மாறியது.

என் வாப்பாவும் அந்த வரிசையில் வந்தவர். பெரிய வாப்பா அமெரிக்கக் குடிமகனாகித் தம் உடன்பிறந்தவருக்காக விண்ணப்பித்து, பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு எங்கள் முறை வந்தது. 2015ஆம் ஆண்டு நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. வாப்பாவுக்கு மொத்த வணிகக் கிடங்கு ஒன்றில் வேலை. உம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வந்த மூன்றாம் ஆண்டிலேயே ஊரில் எனக்கென ஒரு மனை வாங்கப்பட்டது. பிறகு அஸ்திவாரமும் போடப்பட்டது. அடுத்து தங்கைக்கும் ஒரு மனை பார்க்க வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைக் குறித்து அப்போது எந்தப் பேச்சும் இல்லை.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயது வந்ததும் கூட்டரசின் உதவித்தொகைப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இந்நாட்டில் அதை ஃபாஃப்சா என்பார்கள். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, சொத்து ஆகிய அனைத்தையும் அது கேட்கும். வீட்டில் ஆங்கிலப் படிவம் படிப்பவள் நான் ஒருத்தியே என்பதால் வாப்பாவின் வரிக்கணக்குத் தாள்களை என்னிடமே தந்தார். பதினேழு வயதில் முதன்முறையாக அவரது ஆண்டு வருமானத்தை எண்ணாகக் கண்டேன். ஐவர் உண்டு, உடுத்து, வாடகை கொடுத்து, ஊருக்கும் அனுப்பியது இந்தத் தொகையிலிருந்தா என்ற வியப்பில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. ஊருக்கு அனுப்பிய தொகைகளையும் கூட்டிப் பார்த்தேன். வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த மனைக்கும் அஸ்திவாரத்திற்கும் சென்றிருந்தது.

அதே மேசையில்தான் அடுத்த கேள்வியும் வந்தது. இந்நாட்டு மாணவர் பலர் கூட்டரசுக் கடனில் படிக்கிறார்கள். 2025-26 கல்வியாண்டில் இளநிலை மாணவருக்கான அக்கடனின் வட்டி 6.39 விழுக்காடு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர் 5,500 டாலர் வரை வாங்கலாம். ஒருவகைக் கடனில் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கிறது. ஆயினும் படிப்பு முடிந்தபின் வட்டி உண்டு. நிர்ப்பந்தம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே பலவாறான கருத்துகள் உள்ளன. அவ்வழியில் செல்ல நேர்ந்த சகோதர சகோதரிகளை எடைபோட எனக்குத் தகுதியில்லை. எங்கள் வாப்பா மட்டும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "வட்டி வாசலுக்குள்ள வரவேணாம்மா."

வட்டி வேண்டாமென்றால் மாற்றுவழி வேண்டும். தேடியபோது கிடைத்தவற்றை, பிறருக்கும் பயன்படும் என்பதால், இங்கே பதிகிறேன். திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் உதவித்தொகை, 2025-26ஆம் ஆண்டுக்கு அதிகபட்சமாக 7,395 டாலர். நியூ ஜெர்சியில் குடும்ப வருமானம் 65,000 டாலருக்கு மிகாத மாணவர்கள் மாவட்டச் சமுதாயக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமின்றிப் படிக்க மாநில அரசின் திட்டம் உள்ளது. அங்கே பெறும் ஈராண்டுப் பட்டத்தின் பாடங்களை மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வதால், மூன்றாம் ஆண்டில் அங்குச் சேரலாம். முஸ்லிம் மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தரும் 'ஏ கன்டினியூவஸ் சாரிட்டி' போன்ற அமைப்புகளும் உண்டு. சதக்கத்துல் ஜாரியா என்பதே அப்பெயரின் பொருள். நான் முதல் ஈராண்டைச் சமுதாயக் கல்லூரியில் படித்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயில்கிறேன்.

ஆனால் பல்கலைக்கழகத்து ஈராண்டுச் செலவை உதவித்தொகையும் என் பகுதிநேர வேலையும் முழுமையாக ஈடுகட்டா. மீதம் வாப்பாவின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். அதாவது, அஸ்திவாரத்தின்மேல் சுவர் எழக்கூடாது. அதை நான் சொன்ன அன்று வாப்பா பதிலேதும் சொல்லாமல் தொழுகைக்குப் போய்விட்டார். உம்மாதான் பேசினார்.

"எங்க உம்மாவுக்கு இருபத்தாறு வயசுல வாப்பா மவுத்தாயிட்டாங்க. கையில ரெண்டு புள்ளைங்க. ஆனா அந்த வூட்டை விட்டு யாராலயும் அவங்களை எழுப்ப முடியல. வூடு அவங்க பேர்ல இருந்துச்சு."

இச்சொற்களுக்கு எதிராக வாதிட எனக்கு எதுவுமில்லை, இன்றும் இல்லை. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது, கணவரோ அவர் குடும்பமோ அதில் உரிமை கொள்ள இயலாது என்று மார்க்கம் வகுத்ததை எங்கள் ஊர் கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டி நிறுத்தியிருக்கிறது. அதனைப் பழைய பழக்கமென்று தள்ளிவிட்டுப் போக முடியாது. ஆகவே நான் உம்மாவிடம் கேட்டது வேறொன்று. பாட்டியைக் காத்தது எது? அவர் குடியிருந்த ஊரில், அவர் பெயரில், அவர் கைக்கெட்டிய பொருள். நான் வாழப்போவதோ இந்நாட்டில். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் வீடு, ஆபத்துக் காலத்தில் எனக்குக் கூரையாகுமா? என் பெயரில் என் கைக்கெட்டும் பொருள் இங்கே எதுவாக இருக்கும்?

இக்கேள்விக்கு ஸகாத்தின் கணக்கிலும் ஒரு விடை உண்டு. எண்பத்தைந்து கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டிய சேமிப்பு ஓராண்டு நின்றால் அதில் இரண்டரை விழுக்காடு ஏழையின் உரிமை. 20,000 டாலரை எத்தொழிலிலும் இடாமல் பத்தாண்டுகள் வைத்து, ஆண்டுதோறும் ஸகாத் கொடுத்துவந்தால் முடிவில் ஏறத்தாழ 15,500 டாலரே எஞ்சும். அநாதைகளின் பொருளை ஸகாத் தின்றுவிடாதிருக்க அதை வணிகத்தில் ஈடுபடுத்துங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. உறங்கும் பொருளை மார்க்கம் உறங்கவிடுவதில்லை. குடியிருக்கும் வீட்டிற்கு ஸகாத் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குடியிருப்போர் இல்லாத வீடு பலனும் தருவதில்லை. அதே உமர் (ரலி) கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று கேட்டபோது, மூலத்தை விற்காமல் நிறுத்தி, விளைவதைத் தர்மம் செய்யும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். மூலம் நிலைக்க வேண்டும். பலன் நடமாட வேண்டும். செல்வத்தைப் பற்றி நான் கற்ற பாடங்களுள் இதைவிடச் சுருக்கமானதை வகுப்பறையில் கேட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து வாப்பா ஒரு நாள் இஷாவுக்குப் பின் அருகில் வந்து அமர்ந்தார். "அஸ்திவாரம் எங்கேயும் போயிறாது. நீ படிச்சு முடி" என்றார். அந்தச் சொல் அவருக்கு எத்தனை கனமானது என்பதை நான் அறிவேன். மகளுக்கு வீடு முடிக்காத தகப்பன் என்று ஊரில் பேசுவார்களே என்ற அச்சத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றிரவே இன்னொரு வேலையும் தொடங்கியது. ஒரு குறிப்பேட்டை விரித்து, குடும்பத்தில் எது யாருடையது என்று எழுதலானோம். எனக்கென வாங்கிய மனை, என் கல்விக்கான தொகை, தங்கைக்கு எண்ணியிருப்பது எல்லாம் அதில் ஏறின. தம்பியின் பக்கம் வெறுமையாக இருந்தது. மக்களில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தோழரிடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய ஹதீஸை, எங்கள் எவருடைய விளக்கமுமின்றி, அந்த வெற்றுப் பக்கமே நினைவூட்டியது. தம்பிக்கென ஒரு தொகையை வாப்பா அன்றே குறித்தார்.

பிறகு சாச்சப்பாவுக்குக் கொடுத்த பணம் பற்றிய பேச்சு எழுந்தது. பல்லாண்டுகளுக்கு முன் தொழிலுக்கென வாங்கியது. கடனா, உதவியா என்று எங்கும் எழுத்தில்லை. "கூடப் பொறந்தவன்கிட்ட கையெழுத்தா கேக்கச் சொல்றே?" என்று வாப்பா குரலை உயர்த்தினார். அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியே அது பேசுகிறது. நம்பிக்கை இல்லாதவரிடம் மட்டும் எழுதுங்கள் என்று அதில் வரவில்லை. மறுநாள் வாப்பா தம்பியுடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். பாதியைக் கடனாகவும் பாதியைத் தம் அன்பளிப்பாகவும் இருவரும் ஒப்பி எழுதிக்கொண்டார்கள். பேச்சு முடிந்தபோது வாப்பாவின் முகத்தில் நெடுநாள் காணாத தெளிவு இருந்தது.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. இதனைப் புலம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நலம். நியூ ஜெர்சியில் ஒருவர் மரண சாசனம் எழுதாமல் இறந்து, பிள்ளைகள் அனைவரும் அத்தம்பதியருக்கே பிறந்தவர்களாக இருந்தால், அவரது தனிச்சொத்து முழுவதும் மனைவிக்கே செல்லும் என்பது மாநிலச் சட்டம். அல்லாஹ் வகுத்த வாரிசுப் பங்கீட்டில் பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மக்களுக்கும், உயிருடனிருந்தால் இறந்தவரின் பெற்றோருக்கும் அவரவர் பங்கு உண்டு. சாசனம் இல்லையேல் இப்பங்கீடு நடைமுறைக்கு வராது. உயில் எழுதத்தக்க பொருள் உள்ள முஸ்லிம் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. எங்கள் வீட்டில் வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் இரு சாசனங்கள் எழுதப்பட்டன. செலவு ஒரு கட்டு சிமெண்டு மூட்டைகளின் விலைதான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு பட்டம் பெறுவேன். என் ஆசைகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை. முதற்சம்பளத்திலிருந்து உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குச் செல்லச் சேமிப்பு. தங்கையும் தம்பியும் வட்டியின் நிழல்படாமல் படித்து முடிக்க என் பங்கு. வட்டித் தொழிலைத் தவிர்த்து முதலீடு செய்யும் நிதிகளில், சிறு தொகையாயினும், என் பெயரில் ஒரு தொடக்கம். 1986 முதல் இயங்கிவரும் அமானா நிதி போன்றவை இந்நாட்டில் உண்டு. அதிலும் லாபம்போலவே நஷ்டமும் வரலாம் என்பதை அறிந்தே அதில் இறங்குகிறேன். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச் செல்வது மேலானது என்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, தர்மம் மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம் என்ற வரம்புடன் சேர்ந்தே வந்தது. அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் ஊரில் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு சிறு நிதி அமைய வேண்டும் என்பதும் என் துஆவில் இருக்கிறது.

அந்த மனையில் வீடு எழுமா, எழாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. எழுந்தால் அதில் யாரேனும் குடியிருக்க வேண்டும்; வாடகை வர வேண்டும்; அந்த வாடகையில் எவர் பிள்ளையேனும் படிக்க வேண்டும். இந்த நிபந்தனையை வாப்பாவே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் உழைப்பின் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பிள்ளைகளே, அக்கணக்கைக் கேட்கும்போது பணிவுடன் கேளுங்கள். அதன் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒருவரின் முதுகுவலி இருக்கிறது.

நம் அனைவரின் பொருளையும் ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்து, நமக்குப் பின் வருவோருக்கு அதைச் சச்சரவாக்காமல் சதக்காவாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.