விரல்நுனியைத் தாங்கும் கைகள்

பாலே நடனக் காலணியின் வரலாறு, ஆடுபவரின் பாரத்தில் ஒரு பங்கைச் செய்பவரின் கைத்திறன் படிப்படியாக ஏற்றுக்கொண்ட வரலாறாகும். 14ஆம் லூயி மன்னர் 1661இல் பாரிசில் அரச நடனக் கழகத்தை நிறுவிய காலத்தில் அரசவையினர் குதி உயர்ந்த காலணிகளுடனேயே ஆடினர். அடுத்த நூற்றாண்டில் மரி கமார்கோ குதியற்ற காலணிக்கு மாறியதால், துள்ளலும் விரைந்த காலசைவுகளும் எளிதாயின. 1832இல் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் விரல்நுனியில் நின்றாடிய மரி தாலியோனி அணிந்தவை, ஓரங்களில் நூலோட்டி உறுதிப்படுத்திய மெல்லிய சாட்டின் காலணிகளே. ஆதலின் உடலின் எடை முழுவதையும் அவருடைய பாதங்களே சுமந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில், பியரினா லெஞ்ஞானி போன்ற இத்தாலிய நடனமணியர் ஒற்றைக்காலில் தொடர்ந்து 32 சுழற்சிகள் ஆடிக் காட்டியபோது, நுனி தட்டையாகவும் கெட்டியாகவும் அமைந்த காலணிகள் அவர்களுக்குத் துணைநின்றன.

அந்தக் கெட்டித்தன்மை மரத்தாலோ இரும்பாலோ வருவதன்று என்பதை, 1929இல் தொடங்கப்பட்ட ஃப்ரீட் நிறுவனம் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் நடத்திய பட்டறையின் செய்முறை தெளிவாக்குகிறது. சாட்டின் மேற்பகுதியை உட்புறம் வெளியே தெரியுமாறு அச்சில் மாட்டும் தொழிலாளி, விரல்களைச் சூழ்ந்து நிற்கும் ‘பெட்டி’ எனும் பகுதியைச் சணல்துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து உருவாக்குகிறார். நுனியில் மிகும் துணியைச் சீரான மடிப்புகளாகச் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் அடித்தோலோடு தைத்தபின், காலணியைப் புறம் திருப்பி, உள்ளங்காலைத் தாங்கும் விறைப்பான பட்டையைப் பொருத்திச் சுத்தியலால் நுனியைத் தட்டி வடிவமைக்கிறார். பசை இறுகுவதற்காக அது இரவு முழுவதும் சூட்டடுப்பில் வைக்கப்படுகிறது. இடம், வலம் என்ற வேறுபாடு இக்காலணிக்குக் கிடையாது.

தொழிலாளியின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. கிரீடம், நங்கூரம், மணி போன்ற ஒரு முத்திரை மட்டும் அடித்தோலில் பதிகிறது. எனினும் ஒவ்வொருவர் கைப்பிடியிலும் பசையின் அளவும் மடிப்பின் இறுக்கமும் வேறுபடுவதால், நடனமணியர் தமக்கு ஒத்துவரும் முத்திரையைக் கேட்டே வாங்குகின்றனர். அதற்குரியவர் ஓய்வு பெற்றால் புதிய கைக்குத் தம் பாதங்களைப் பழக்க வேண்டியவராகின்றனர். வாங்கிய காலணியையும் அவர்கள் அப்படியே அணிவதில்லை. பட்டையை வளைத்து, அடித்தோலைச் சுரண்டி, நாடாவைத் தாமே தைத்துக்கொள்கின்றனர். இவ்வளவு உழைப்பும் கடினமான ஒரே நிகழ்ச்சியில் தேய்ந்துவிடக்கூடும்.

இக்குறையைக் கருதியே நியூயார்க்கின் கெய்னர் மிண்டன் நிறுவனம் 1993இல் நெகிழ்மப் பொருளாலான பட்டையையும் பெட்டியையும் அறிமுகப்படுத்தியது. ஆயினும் பசைக் காலணி மறையவில்லை. அது பாதத்தின் சூட்டிலும் வியர்வையிலும் இளகி, அணிபவரின் காலுக்கேற்ப அமைந்துவிடுவதைப் பலர் இன்றும் விரும்புகின்றனர். பாதத்தின் அகலத்தையும் வளைவையும் இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட இத்தொழில், தோலின் நிறத்தைக் கருத நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. கறுப்பின நடனமணியர் இளஞ்சிவப்புக் காலணிக்கு ஒப்பனைப் பூச்சிட்டுத் தம் நிறத்துக்கு மாற்றிவந்த நிலையில், ஃப்ரீட் நிறுவனம் 2018இல்தான் ‘பாலே பிளாக்’ குழுவுடன் இணைந்து பழுப்பு, வெண்கல நிறக் காலணிகளை வெளியிட்டது.