வடக்கன்குளத்துச் சுவர்

முன்னாள் மாணவர் ஒருவரின் திருமணத்திற்காக, சில மாதங்களுக்கு முன் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்திற்குச் செல்ல நேர்ந்தது. புறப்படும் வேளையில் நம் அன்னையார், "அந்தப் பையன் எந்தப் பக்கத்து ஆளு?" என்று வினவினார். அவர் பிறந்த ஊர் அப்பகுதியைச் சேர்ந்தது. வினாவின் பொருளும் நமக்குத் தெரியும், விடையும் தெரியும். சற்றும் தயங்காமல் விடை சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். வழி நெடுகக் காற்றாலைகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தபோதுதான், சொன்ன விடை நெஞ்சில் உறுத்தத் தொடங்கியது.

'பக்கம்' என்னும் அச்சொல்லுக்கு அவ்வூரில் ஒரு வரலாறு உண்டு.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த வடக்கன்குளம், பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் (1741) சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறித்தவ சமயத்தை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் இவ்வூர்க் கோயிலில், இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் எல்லோருடனும் பழகியது அவர்மீது மூண்ட சினத்திற்கு ஒரு காரணம் என்பர். 1749-இல் சிறைப்பட்ட அவர், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார்.

இத்தகைய ஒருவர் திருமுழுக்குப் பெற்ற பங்கில், ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து எழுந்த கோயிலின் அமைப்பைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்திற்கு ஒன்றல்ல, இரண்டு கூடங்கள். இரண்டும் தனித்தனியே நீண்டு வந்து பலிபீடத்தருகே இணையும். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் பிறரும். பூசை செய்யும் குரு இருசாராருக்கும் தெரிவார். ஒருசாரார் மற்றவர் கண்ணில் படமாட்டார். இவ்வமைப்பைக் கண்டோர் 'கால்சட்டைக் கோயில்' என்று பெயரிட்டனர். பெயரில் நகைப்பு இருக்கிறது, கட்டடத்தில் இல்லை. ஓயாத பூசலுக்குத் தீர்வாகவே அக்காலத்துக் குருக்கள் இதனை ஏற்றனர். சாதியைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த இயலாதவர்கள், அதற்கு அளந்து ஓர் இடம் கட்டிக் கொடுத்தனர்.

1910-இல் பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகளார் தடுப்பை அகற்றினார். ஊர் கொந்தளித்தது. தமக்குரிய தனியிடத்தை மீட்டுத் தருமாறு ஒருசாரார் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோரிக்கை அங்கும் ஏற்கப்படவில்லை. இடித்த சுவர் இடிந்ததாகவே நின்றது.

திருமணத்தன்று அக்கோயிலினுள் அமர்ந்திருந்தோம். கண்ணுக்கு எவ்விதத் தடுப்பும் இல்லை. குழந்தைகள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தனர். மணமகளின் உறவினர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட முதியவர் ஒருவர், நம் பெயரைக் கேட்டார், தொழிலைக் கேட்டார், பின் சொந்த ஊரைக் கேட்டார், அவ்வூரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். அவரிடம் சினங்கொள்ள நமக்கு உரிமை இருக்கவில்லை. முதல்நாள் அன்னையாரின் வினாவுக்கு விடை தந்த அதே நாவுதானே நம்முடையது! வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகச் சங்கச் சான்றோரின் பெயரால் சமத்துவம் பேசிவருகிறோம். எனினும், எதிரில் அமர்ந்திருக்கும் மாணவர் எந்தப் பக்கத்தவர் என்பதை ஒருபோதும் விசாரிக்காமலே அறிந்து வைத்திருக்கிறோம்.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அப்போது அவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்னும் ஒட்டு நீக்கப்பட்டிருந்தது. கல்லால் ஆன தடுப்பை அகற்ற 38 ஆண்டுகள் போதுமாயிருந்தன. அவர் திருமுழுக்குப் பெற்ற நாளிலிருந்து எண்ணினால், பெயரில் இருந்த தடுப்பு அகல 277 ஆண்டுகள் ஆயின.

வீடு திரும்பியதும் அன்னையார் திருமணம் எப்படி நடந்தது என்று கேட்டார். எல்லாம் சொன்னோம். இறுதியில், "அந்தப் பையன் எந்தப் பக்கம்னு நீங்கள் கேட்டிருக்க வேண்டாம் அம்மா, நானும் சொல்லியிருக்க வேண்டாம்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்க ஆச்சி அந்தச் சுவரு இருந்த காலத்துல அங்க பூசைக்குப் போனவ" என்றார்.

எந்தப் பக்கத்தில் நின்று பூசை கண்டார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.