ஒராள் ஒராளா விடுங்கோ

"தங்கச்சியோட சேர்ந்து துள்ளு, தனிய விடாத." ட்ரம்போலினுக்கு முன்னால் நிற்கும் அம்மாமார் மூத்த பிள்ளைக்கு இப்படிச் சொல்வதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். எங்கட வீடுகளில் எல்லாத்துக்கும் இதுதானே பாதுகாப்பு? ரோட்டைக் கடக்கவும் சரி, கடலில் கால் நனைக்கவும் சரி, பெரியவன் கையைப் பிடித்தால் சின்னதுக்குப் பயமில்லை. ட்ரம்போலினில் மட்டும் இது தலைகீழ்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ட்ரம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் துள்ளும்போதுதான் நடக்கிறது. அடிபடுவது அநேகமாகச் சின்னதுக்கு. பெரியவன் குதித்ததும் விரிப்பு கீழே போய்த் திரும்ப மேலே உதைக்கும். அந்த நேரம் பார்த்துச் சின்னது இறங்கினால், கீழே வாற கால் மேலே வாற விரிப்பில் மோதும். பெரியவனுடைய பாரம் முழுக்க அந்தக் குட்டிக் காலுக்கு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு வெடிக்கிறது. இதற்கு மருத்துவர்கள் 'ட்ரம்போலின் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியே விழத் தேவையில்லை. சுற்றிவர வலை இருந்தாலும் நடக்கும்.

அக்காவின் மகளுக்கு ஏழு வயசு. அவளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு இடத்தில், மூன்று வயசுப் பிள்ளையும் பத்து வயசுப் பெடியனுமாக ஆறு பேர் உள்ளே. நிறுத்தி நிறுத்தி ஒராள் ஒராளா விடலாம்தானே தம்பி எண்டு கேட்டன். "அப்பிடியெண்டால் லைன் விடியும்வரைக்கும் நிக்கும் அக்கா." அவன் சொன்னதும் பொய்யில்லை.

ட்ரம்போலினோட எனக்குக் கோவமில்லை. பத்து நிமிசம் துள்ளினால் இதயம் வேலை செய்யுது, காலுக்குப் பலம், உடம்பு சமநிலை பழகுது. ஃபோனோடயே குந்தியிருக்கிற பிள்ளை வேர்த்து விறுவிறுத்துச் சிரிச்சுக்கொண்டு இறங்கிறதைப் பார்க்கவே ஆசை. ஆறு வயசு தாண்டியிருக்கவேணும், ஒரு நேரத்தில் ஒராள், பக்கத்தில் ஒரு பெரிய ஆள். எனக்கு இவ்வளவும் போதும்.

குத்துக்கரணம் மட்டும் வேண்டாம். தலைகீழாக விழுந்தால் கழுத்து, முள்ளந்தண்டு. அதை இவளுக்குச் சொன்னால், "ஒலிம்பிக்கில அடிக்கினம்தானே சித்தி?" எண்டு கேக்கிறாள். உண்மைதான், 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ட்ரம்போலின் ஒலிம்பிக்கில் இருக்கிறது. அவையளுக்குப் பயிற்றுநர் இருக்கினம், வருசக்கணக்கான பழக்கம் இருக்கு. உனக்கு நான்தானேயம்மா இருக்கிறன் எண்டன்.