முட்டைக்கு வேட்டு வைக்கும் பூச்சி!

ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டில் விழும் முட்டை பெரும்பாலும் நாமக்கல் முட்டைதான். அந்தக் கோழிக்குப் போடும் தீவனத்தில் சுமார் பாதி மக்காச்சோளம். சோளம் குறைஞ்சா தீவன விலை எகிறும். சோளத்தைக் குறைக்கிற ஆளை உங்களுக்கு அறிமுகம் செய்யட்டுமா?

பார்க்க ஒண்ணுமே இல்லீங்க. ராத்திரி டியூப்லைட்டைச் சுத்தும் ஆயிரம் அந்துப்பூச்சியில் ஒண்ணு. இறக்கையை விரிச்சா 3, 4 செ.மீ. இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். ஆணுக்கு முன் இறக்கை நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்கு அதுகூடத் தெளிவா இருக்காது. ஆனா அது இடுற முட்டைதான் வினை. ஒரு குவியலில் நூறு, இருநூறு இருக்கும், மேலே தன் உடம்பு ரோமத்தையே போர்வையா போர்த்திவிட்டுப் போகும்.

பொரிச்சு வர்ற புழுதான் அமெரிக்கன் படைப்புழு. இதைக் கண்டுபிடிக்கப் பூச்சியியல் படிக்க வேண்டாம். தலையில் ‘ஒய்’ எழுத்தைக் கவிழ்த்து வெச்ச மாதிரி கோடு. வால் பக்கம் கோலப்புள்ளி மாதிரி சதுரமா நாலு கரும்புள்ளி. அவ்வளவுதான்!

பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தெரிந்தது. 2018 மே மாதம் கர்நாடகாவில். அதே வருஷம் எங்க ஆத்தூர் பக்கத்துச் சோளக்காடுகளும் தப்பலை. ஒரே ராத்திரியில் 100 கி.மீ. வரை பறக்குமாம். சேலத்தில் கிளம்பினா நாமக்கல்லைத் தாண்டிக் கரூரே போயிடலாம், டிக்கெட் இல்லாம. வட அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் குளிர்காலம் இதைக் கொன்னுடும். தெற்கு ஃப்ளோரிடா, டெக்சாஸ் பக்கமிருந்து வருஷா வருஷம் புதுசா வடக்கே பறக்கணும். நம்ம சமவெளியில் ஸ்வெட்டரே விக்காது, அதுக்கென்ன கவலை? கிணத்துத் தண்ணி இருக்கிற காட்டில் வருஷம் முழுக்க ஏதோ ஒரு சோளம் பச்சையா நிக்குது.

சின்னப் புழு இலையைச் சுரண்டும். இலையில் வெள்ளை வெள்ளையா ஜன்னல் விழும். மடக்க வேண்டிய நேரம் அதுதான். வளர்ந்ததும் குருத்துக்குள் புகுந்து, ஈர மரத்தூள் மாதிரி எச்சத்தால் வாசலை அடைச்சுக்கும். அப்புறம் அடிக்கிற மருந்து புழுவைத் தொடுறதே கஷ்டம், காசுதான் கரையும். என்னைக் கேட்டா, மருந்துக்கடைக்கு ஓடும் முன்னாடி தினம் ஒரு நடை காட்டுக்குள் போறதுதான் முதல் வைத்தியம்.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போறீங்களா? முளைச்சு ரெண்டு, மூணு வாரமான சோளத்தில் நாலு குருத்தைப் பிரிச்சுப் பாருங்க. குருத்துக்கு ஒரு பெரிய புழுதான் சிக்கும். மத்ததை அதுவே தின்னிருக்கும்!