அரிக்கமேட்டு மணிகளும் இணைய ஏலமும்

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேரும் முன் வளைந்து ஓடும் இடத்தில், மாமரங்களும் தென்னைகளும் நிழல் தரும் ஒரு மேடு உள்ளது. பழைய கிறித்தவ குருமடம் ஒன்றின் இடிந்த சுவர்களைத் தவிர அங்கே கண்ணைக் கவரும் கட்டடம் எதுவும் இல்லை. சுற்றுலா வருவோர் பலர் ‘இதைப் பார்க்கவா வந்தோம்’ என்று திரும்பிவிடுவதும் உண்டு. ஆயினும் மழைக்காலம் முடிந்த பின் அம்மண்ணைக் குனிந்து நோக்குவோர், கடுகளவிலும் மிளகளவிலும் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிறங்களில் கண்ணாடி மணிகள் தலைகாட்டுவதைக் காண்பர். இதுவே அரிக்கமேடு.

1930-களில் இவ்வூர்ச் சிறுவர்கள் கண்டெடுத்த மணிகளும் பொருள்களும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரெய்யின் கைக்குச் சென்றன. அவர்தாம் இம்மேட்டின் பழைமையை உலகுக்கு உணர்த்தினார். 1945-இல் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது ரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அவருக்குப் பின் ழான்-மரீ கஸால் என்பாரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் ஆய்வைத் தொடர்ந்தனர். பழைய கிரேக்கக் கடல் நூல் குறிப்பிடும் ‘பொதுகே’ என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

ரோமர்களைப் பற்றிய செய்திகள் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. நான் இங்கே சொல்லவிருப்பது, அம்மண்ணில் சிதறிக் கிடக்கும் அந்தச் சிறு மணிகளைப் பற்றியும், அவற்றின் பெயரால் இன்று நடைபெறும் ஒரு வியாபாரத்தைப் பற்றியும் ஆகும்.

கடல் கடந்த மணிகள்

மணிகளையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அமெரிக்க அறிஞர் பீட்டர் ஃபிரான்சிஸ், இவ்வகை மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். ஒரே நிறம் கொண்டவை. பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுடையவை. அரிக்கமேடு இவற்றை வார்த்த பழைய பட்டறைகளுள் தலையாயது என்பது அவர் முடிவு. இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள மாந்தை, தாய்லாந்தின் கிலோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ ஆகிய இடங்களிலும் இத்தொழில் நடந்ததாக அவர் எழுதினார்.

கிழக்கே திமோர்த் தீவில், செந்நிறமான பழைய மணிகளை ‘முத்திசாலா’ என்று அழைத்து, குலச் செல்வமாகப் போற்றுகின்றனர். அப்பெயருக்குப் ‘பொய் முத்து’ என்று பொருள் கூறுவர். மேற்கே, கில்வா போன்ற முஸ்லிம் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்கு இம்மணிகள் சென்றன. பொன்னுக்கும் தந்தத்துக்கும் மாற்றாகத் துணியும் மணியும் கொடுக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வேயில் அரசர்தம் புதைகுழிகளில் பொன்னோடு கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. பருவக்காற்றை நம்பிப் பாய்மரம் விரித்த அரபு, தமிழ், குஜராத்தி வணிகர்களின் மூட்டைகளில் இம்மணிகள் இடம்பெற்றிருந்தன.

நம் சமுதாயத்திற்கும் கண்ணாடி மணி அந்நியமன்று. நிக்காஹின்போது மணமகளின் கழுத்தில் கருகமணி கட்டும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் உண்டு. அதன் விலை அற்பமே. ஆயினும் அதற்குரிய மதிப்பை நம் பெண்மக்கள் அறிவர்.

பாப்பாநாயுடுபேட்டை

அரிக்கமேட்டின் அடுப்புகள் அணைந்து நூற்றாண்டுகள் பல கடந்தன. எனினும் அக்கலை முற்றாக மறையவில்லை. ஆந்திர மாநிலத்தில், திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் சிற்றூரில் அதே முறையில் மணி செய்யும் குடும்பங்களை ஆய்வாளர்கள் கண்டனர். பேராசிரியர் ஆலோக் குமார் கானுங்கோ இவ்வூரைப் பற்றித் தனி நூலே எழுதி 2016-இல் வெளியிட்டார்.

அம்முறையைக் கேட்டாலே வியப்பு மேலிடும். உருகிய கண்ணாடியை ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டிக் கூம்பு வடிவாக்குவர். குழாயினுள் ஓர் இரும்புக் கோலைச் செலுத்தி, அக்கூம்பின் நடுவே துளை உண்டாக்குவர். பிறகு அதனை உலையினுள் சாய்த்து வைப்பர். உலையின் மறுபுறம் அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளி கொக்கியால் கண்ணாடியின் நுனியைப் பற்றி இழுப்பார். அது மெல்லிய குழலாக நீண்டு வரும். அவர் கைமாற்றிக் கைமாற்றி மணிக்கணக்கில் இடைவிடாது இழுத்துக்கொண்டே இருப்பார். இழுப்பின் வேகம் மாறினால் குழலின் பருமன் மாறும். கை நின்றுவிட்டால் இழை அறுந்துபோகும். அக்குழல்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கிக் கிளறுவர். கூரிய முனைகள் மழுங்கி மணி உருண்டையாகும். சாம்பல் துளைக்குள் நிறைந்திருப்பதால் துளை அடைபடாது.

இப்படி ஆண்கள் உலையில் வெந்து இழுத்ததை, பெண்கள் புடைத்து, தரம் பிரித்து, நூலில் கோப்பர். ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியுடைய இக்கைத்திறனுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். இம்மணி இடைத்தரகர் கைக்குச் சென்றதும் அதன் ஊர்ப்பெயர் மறைந்துவிடுகிறது. தொலைதேசத்துக் கணினித் திரையில் அது மீண்டும் தோன்றும்போது ‘அகழ்வில் கிடைத்த ஆதி மணி’, ‘ஆப்பிரிக்க வாணிப மணி’ என்ற புதுப் பெயர்களைச் சூடிக்கொள்கிறது.

ஏலத் திரையில் ஒரு மாலை

1990-களின் நடுவில் தொடங்கிய இணைய ஏலம் வியாபாரத்தின் போக்கையே மாற்றிவிட்டது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. இருப்பவை ஒரு நிழற்படமும் நான்கு வரி வருணனையுமே. கைவினை மணியென்று கூறி ஆலையில் செய்த மணியை விற்பதும், புதிய மணியை மண்ணில் புதைத்தோ அமிலத்தில் தோய்த்தோ மங்கச் செய்து பழைய மணியென விற்பதும், இந்திய மணியை வெனிஸ் நகரத்து மணியென விற்பதும் இத்திரையில் எளிதாகிவிட்டன.

சிங்கப்பூரில் பணிபுரியும் என் நண்பர் ஒருவர், தம் மகளின் நிக்காஹுக்கு அரிய பரிசொன்று அளிக்க விரும்பினார். ஓர் ஏலத்தில் ‘ஈராயிரம் ஆண்டுப் பழைமையான தென்னிந்தியக் கைவினை மணிமாலை’ என்ற விளம்பரத்தைக் கண்டு, ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். ஏலத்தின் இறுதி நேரத்தில் யாரோ ஒருவர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே வந்ததாகவும், கடைசியில் திடீரென விலகிக்கொண்டதாகவும் அவர் பின்னர் சொன்னார்.

விடுமுறையில் ஊர் வந்தபோது அம்மாலையைத் தொல்பொருள் பயின்ற ஓர் அன்பரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்கி வழியே நோக்கிவிட்டு, மணிகளின் நடுவே ஓடிய மெல்லிய வரம்பைச் சுட்டிக்காட்டினார். அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடியில்தான் இரு பாதிகள் சேருமிடத்தில் அத்தகைய வரம்பு தோன்றும். இழுத்து நறுக்கிய மணியில் அது இருக்கவே முடியாது. நண்பர் விற்றவருக்கு எழுதினார், பதில் இல்லை. முறையிடுவதற்கான கெடுவும் கடந்துவிட்டிருந்தது.

அப்போது நண்பர் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். “ஹஜ்ரத், என்னிடம் எப்படி விற்றார்களோ அதே வாசகத்தோடு நானும் ஏலத்தில் விட்டுவிடலாமா? நான் பொய் சொல்லவில்லையே. எனக்குச் சொன்னதைத்தானே சொல்லப்போகிறேன்?”

மார்க்கம் கூறும் தீர்ப்பு

ஏலம் தன்னளவில் ஆகுமானதே. வறுமையுற்ற அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கூடுதல் விலை கேட்டவருக்கு விற்றுக் கொடுத்த நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. ஆனால் வாங்கும் எண்ணமின்றிப் பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். அதனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடை செய்துள்ளார்கள். விற்பவரே வேறு பெயரில் புகுந்து விலையேற்றும் இணையத் தந்திரம் இதுவேயன்றி வேறில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு அவ்வணிகரைக் கண்டித்ததையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததையும் நம் மத்ரஸாச் சிறுவரும் அறிவர். அங்கே அவ்வணிகர் வாயால் பொய் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் இருக்க விட்டார், அவ்வளவே. மழை நனைத்துவிட்டது என்று அவர் காரணமும் சொன்னார். அது ஏற்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குக் கூறப்பட்டது. ஆகவே நண்பரின் கேள்விக்கு விடை அந்தக் குவியலிலேயே இருக்கிறது. குறை தம்மால் உண்டானதன்று என்பது அதை மறைப்பதற்கு அனுமதி ஆகாது. அறியாமல் வாங்கியவர் ஏமாற்றப்பட்டவர். அறிந்த பின்னும் அதே வருணனையோடு விற்பவர் ஏமாற்றுபவர்.

காணாத பொருளை விற்பது குறித்து நம் இமாம்கள் அன்றே ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றின்படி அத்தகைய விற்பனை செல்லாது. ஹனஃபி மத்ஹபில், கண்ட பின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு விருப்புரிமை உண்டு. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையோ எல்லா மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்டதாகும்.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறு எவரும் நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்யலாகாது. எனவே அரிக்கமேட்டு மணி என்று கூறி இங்கிருந்து அயல்நாட்டுக்கு அனுப்புகிறவர் கூறுவது உண்மையாயின் அது சட்டமீறல். பொய்யாயின் அது மோசடி. இரண்டில் ஒன்று உறுதி. உள்நாட்டில் பொருள் வாங்குவோருக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உள்ளன. பொருளின் தன்மையைத் திரித்துக் கூறலாகாது என அவை விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன.

வாங்குவோர் கவனிக்க

மணி வாங்க விரும்பும் சகோதரிகளுக்கும் மாணவர்களுக்கும் சில குறிப்புகள் பயன்படலாம். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளையமிட்டிருந்தால் அது கம்பியில் சுற்றிச் செய்த மணி. நடுவே வரம்பு ஓடினால் அது அச்சு மணி. ஒரு சரத்தின் அத்தனை மணிகளும் அணுவும் பிசகாமல் ஒரே அளவாயிருப்பின் இயந்திரத்தை ஐயுறலாம். கைவேலையில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும். பழைய செந்நிறக் கண்ணாடிக்குச் செம்பே நிறம் தந்தது. காட்மியம் கலந்த பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும் நவீன காலத்தவை. இவற்றையெல்லாம் நிழற்படத்தில் முழுமையாக அறிய இயலாது. ஆதலால் திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் பெறாமல் விலை கேட்காதிருப்பதே அறிவுடைமை.

அரிக்கமேட்டுக்குச் செல்வோர், மண்ணில் மணியைக் கண்டால் கண்ணால் கண்டு மகிழ்ந்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட இடம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அம்மணிகளை அமைதியாகக் காணலாம். புதிய மணியை விரும்புவோர், இன்னாரால் இன்ன ஊரில் செய்யப்பட்டது என்று கேட்டு வாங்கட்டும். செய்தவரின் பெயரும் ஊரும் சொல்லப்பட்டால், பொய்யான பழைமை அம்மணிக்குத் தேவைப்படாது. உலை முன் அமர்ந்தவரின் உழைப்புக்கும் உரிய விலை கிடைக்க வழி பிறக்கும்.

நண்பர் அம்மாலையை ஏலத்தில் விடவில்லை. உள்ளூர் அணிகலன் கடையொன்றில் ‘அச்சில் வார்த்த புதுக் கண்ணாடி மணி’ என்று சொல்லியே விற்றார். போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த இழப்பு அவருக்குச் சிறிதன்று; மகளின் திருமணச் செலவில் அதனை ஈடுகட்ட அவர் கடன் வாங்க நேர்ந்தது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பதும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழியின் கருத்து. அவர் கையில் மிஞ்சிய அந்தச் சிறு தொகையில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் அனைவரின் கொடுக்கல் வாங்கலையும் அவன் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.