மூன்று மில்லிமீற்றர்

முதல் கார் கைக்கு வந்ததும் அதில் எதையாவது மாற்ற வேண்டும் என்று கை துருதுருக்கும். சிலர் சைலன்சரை மாற்றித் தெருவையே எழுப்புவார்கள். சிலர் பெரிய றிம் போடுவார்கள். சிலர் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தரையாக இறக்குவார்கள். என்னிடம் கேட்டால் இவை எதையும் சொல்ல மாட்டேன். காருக்கு அடியில், பின்பக்கத்தில், யாருடைய கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு உருக்குக் கம்பியைப் பற்றித்தான் சொல்வேன். அதன் பெயர் ஸ்வே பார்.

ஆனால் தடித்த கம்பி ஒன்றை வாங்குவதற்கு முதல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் காரை உங்களைத் தவிர வேறு யார் ஓடுகிறார்கள்?

எங்கள் வீட்டுக் கார் ஒரு பழைய ஹட்ச்பேக். பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. திறப்பு என்னவோ குசினிச் சுவரில்தான் தொங்குகிறது. விடிய ஐந்தரைக்கு அம்மா அதில்தான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவார். பின்னேரம் நான். சனிக்கிழமைகளில் சாமான் வாங்க அப்பா. ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதுதான் கதை. பெயர் ஒருவருடையது, கார் எல்லோருடையது.

401 நெடுஞ்சாலைக்கு ஏறும் சுற்றுவளைவில் அந்தக் கார் இரண்டு குணம் காட்டும். ஒன்று, வெளிப்பக்கமாகச் சரியும். பின் இருக்கையில் வைத்த மரக்கறிப் பை உருண்டு போய்க் கதவில் முட்டும். மற்றது, மழை நாளில் ஸ்ரியரிங்கைத் திருப்பத் திருப்ப மூக்கு வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். இந்த இரண்டாவதை அண்டர்ஸ்ரியர் என்பார்கள். முன்சில்லு இழுக்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பிறவிக் குணம்.

ஸ்வே பார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆங்கில 'யு' எழுத்துப் போல வளைத்த ஒரு கம்பி. அதன் ஒரு நுனி இடப்பக்கச் சில்லின் சஸ்பென்ஷனோடும் மறு நுனி வலப்பக்கத்தோடும் பூட்டியிருக்கும். நடுப்பகுதியை ரப்பர் புஷ்கள் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும். இரண்டு சில்லும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும். வேலை ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மேலே போனால் கம்பி முறுகும். முறுகிய கம்பி நிமிரப் பார்க்கும். அந்த நிமிரும் வலிமைதான் கார் சரிவதைக் குறைக்கிறது. இதற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து பிரெட்ரிக்டனைச் சேர்ந்த ஸ்ரீபன் கோல்மன் என்ற கனேடியர், வருடம் 1919.

புதுக் கம்பியின் பெட்டியைப் பிரித்தபோது அப்பா பக்கத்தில் நின்றார். "உந்தக் கம்பிக்கு எவ்வளவு குடுத்தனி?" என்பதுதான் முதல் கேள்வி. விலையைச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு கம்பியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது மொறிஸ் மைனரின்ர முன் ஸ்பிரிங் மாதிரியெல்லோ! அதுவும் நீட்டுக் கம்பிதான். முறுகி முறுகித்தான் வேலை செய்யும்."

அப்பா சொன்னது சரி. 1948இல் வந்த மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுகும் கம்பிகள்தான் அதன் ஸ்பிரிங். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் தன் மாமாவின் கராஜில் நின்ற காலத்தில் அப்பா அவற்றைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். நான் படம் பார்த்துப் படித்ததை அவர் கை ஏற்கெனவே அறிந்திருந்தது.

பழைய கம்பியை அளந்தேன்: 16 மில்லிமீற்றர். புதியது 19. "மூண்டு மில்லிமீற்றருக்கா இவ்வளவு காசு?" என்றார் அப்பா. இந்த இடத்தில் கணக்குப் பாடம் உதவிக்கு வரும். ஒரே நீளமும் ஒரே வடிவமும் உள்ள திண்மக் கம்பிகளின் விறைப்பை ஒப்பிட, விட்டத்தை நான்கு தடவை எழுதிப் பெருக்க வேண்டும். 16ஐ அப்படிப் பெருக்கினால் 65,536. 19ஐப் பெருக்கினால் 130,321. கண்ணுக்குத் தெரியாத மூன்று மில்லிமீற்றர் விறைப்பைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குகிறது.

இனித்தான் முக்கியமான விஷயம். ஸ்வே பார் ரயருக்குப் புதிதாகப் பிடிப்பு எதையும் தருவதில்லை. வளைவில் காரின் பாரம் உள்பக்க ரயரில் இருந்து வெளிப்பக்க ரயருக்கு மாறும். பாரம் கூடக் கூட ரயரின் பிடிப்பும் கூடும், ஆனால் அதே அளவுக்குக் கூடாது. ஆகவே இரண்டு ரயர்கள் பாரத்தைச் சமமாகச் சுமந்தால் கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று அதிகமும் மற்றது குறைவுமாகச் சுமக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். பின்னால் தடித்த கம்பி போட்டால், மாறும் பாரத்தில் பெரிய பங்கைப் பின்சில்லுகள் ஏற்கும். முன்சில்லுகளின் பாரம் கூடுதல் சமமாகும். முன்பக்கம் நன்றாகக் கடிக்கும், பின்பக்கம் கொஞ்சம் தளரும். பழைய வொக்ஸ்வாகன் கொல்ஃப் ஜிரிஐ வளைவில் பின்சில்லு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று சில்லில் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது பின்பக்க விறைப்பின் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், பின்னால் இருந்து எடுத்து முன்னால் கொடுக்கிறீர்கள். கார் சுறுசுறுப்பாகத் திரும்புவது அதனால்தான். சரி, அப்படியானால் தயாரித்தவர்களே ஏன் தடித்த கம்பியைப் போடவில்லை?

பயந்த மனிதர் என்ன செய்வார் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். வளைவில் வேகம் கூடிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் அக்சிலரேற்றரில் இருந்து காலைச் சடாரென்று எடுப்பார்கள். மூக்கு வெளியே போகும் காரில் அது நல்லது. பாரம் முன்னுக்கு வரும், மூக்கு மெல்ல உள்ளே திரும்பும். பின்பக்கம் தளர்ந்த காரிலோ, காலை எடுத்த உடனே பின்னால் பாரம் குறையும், வால் வெளியே வீசும். வீசத் தொடங்கிய காரைப் பிடிக்கப் பழக்கம் வேண்டும்.

இது வெறும் புத்தகப் பேச்சு இல்லை. 1960ஆம் ஆண்டு மொடலாக செவ்ரோலே நிறுவனம் கோர்வேர் என்ற காரை விற்பனைக்கு விட்டது. எஞ்சின் பின்னால் இருந்ததால் வால் பாரமான கார். முன்பக்க ஸ்வே பார் அதில் போடப்படவில்லை. அதற்குப் பதிலாக, முன் ரயர்களுக்குக் குறைந்த காற்றும் பின் ரயர்களுக்குக் கூடிய காற்றும் வைத்து ஓடச் சொன்னார்கள். 1964 மொடலில்தான் முன் ஸ்வே பார் எல்லாக் கோர்வேருக்கும் வந்தது. அடுத்த வருடம் ரால்ஃப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் அரசாங்க ஆய்வொன்று, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிடக் கோர்வேர் மோசமில்லை என்று சொன்னது. யார் சரி என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்பதில் மனிதரின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, பனியில வழுக்கினா நான் பயத்தில காலைத்தான் எடுப்பன். அப்ப உன்ர கார் என்ன செய்யும்?"

நான் படித்த எதிலும் இதைவிட நல்ல கேள்வி இருக்கவில்லை. கார் வழுக்கும்போது தானாகவே தனித்தனிச் சில்லுக்குப் பிரேக் பிடித்து நேராக்கும் கருவி, கனடாவில் 2011 செப்ரெம்பர் முதல் தயாரிக்கப்படும் புதுக் கார்களுக்குக் கட்டாயம். எங்கள் கார் அதற்கு முந்தியது. அதில் அந்தக் கருவி இல்லை. இருட்டில், பனியில், தூக்கக் கலக்கத்தில் போகும் அம்மாவுக்குத் தயாரித்தவர்கள் விட்டுவைத்த அந்த மந்தக் குணம்தான் காவல். எனக்குச் சலிப்புத் தரும் அதே குணம்.

ஆகவே வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். வசந்தத்தில் இருந்து இலையுதிர்காலம் வரை புதுக் கம்பி. நவம்பரில் பனி ரயர் மாற்றும் நாளில் பழைய கம்பி திரும்பவும் உள்ளே போகும். புதுக் கம்பியின் நுனியில் இரண்டு துளைகள் உண்டு. நுனிக்குக் கிட்ட உள்ளதில் பூட்டினால் நெம்புகை நீளம், விறைப்புக் குறைவு. உள்ளே இருப்பதில் பூட்டினால் விறைப்புக் கூட. நாங்கள் பூட்டியது நுனித் துளையில்.

நீங்களும் செய்வதாக இருந்தால், ஒழுங்கு முக்கியம். முதலில் ரயரையும் அதன் காற்றையும் பாருங்கள். தேய்ந்த ரயரை எந்தக் கம்பியும் காப்பாற்றாது. பிறகு பழைய புஷ்களையும், கம்பியைச் சில்லோடு இணைக்கும் லிங்க்குகளையும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அவற்றை மாற்றினாலே கார் பாதி திருந்திவிடும். கம்பி மாற்றும்போது பின்பக்கத்தின் இரண்டு சில்லையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் கம்பி முறுகி நிற்கும், போல்ற்றைக் கழற்றும்போது கையில் அடிக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே வேண்டாம், ஸ்ராண்ட் வையுங்கள். பொலியூரதேன் புஷ்ஷுக்கு அதற்குரிய கிறீஸ் பூசாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் கிறீச்சிடும். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

பூட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்கத் தெருவுக்கு ஓடாதீர்கள். ஒன்ராறியோவில் சாகச ஓட்டம் என்று பொலிஸ் பிடித்தால் அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசன்ஸ் போகும், 14 நாளுக்குக் கார் போகும். வெறுமையான பார்க்கிங் லொட்டுக்கும் இந்தச் சட்டம் இப்போது பொருந்தும். கார்க் கழகங்கள் கூம்பு வைத்து நடத்தும் ஓட்டோகுரொஸ் நாட்கள் இதற்குத்தான் இருக்கின்றன. தலைக்கவசம் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே கார், முட்டினால் கூம்புதான் விழும். அங்கே நான் வேண்டுமென்றே வளைவின் நடுவில் காலை எடுத்துப் பார்த்தேன். வால் அசைந்தது, ஆனால் மெதுவாக. பிடிக்க முடிந்தது. அதை என் உடம்பு அறிந்த பிறகுதான் திறப்பைக் குசினிச் சுவரில் திரும்பக் கொழுவினேன்.

முதல் கிழமை முடிய அம்மாவிடம் கேட்டேன், கார் எப்படி இருக்கிறது என்று.

"முடக்கில இப்ப சொல்வழி கேக்குது" என்றார். யாழ்ப்பாணத்தில் வளைவை முடக்கு என்போம். சொல்வழி கேட்கும் பிள்ளை என்று அம்மா என்னை ஒருநாளும் சொன்னதில்லை. காருக்குக் கிடைத்துவிட்டது.

கராஜ் சுவரில் அப்பா இரண்டு பெரிய ஆணி அடித்திருக்கிறார். வருடம் முழுவதும் அதில் ஏதாவது ஒரு கம்பி தொங்கும். எது தொங்குகிறது என்று பார்த்தால் வெளியே என்ன காலம் என்று சொல்லிவிடலாம்.