டிக்கெட் கிழிக்காத கூத்து

பேரணாம்பட்டு,
வைகாசி.

அன்புள்ள நண்பா,

ஆன்னா பாவ்லோவாவின் பாலே குழுவைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைக் குடியாத்தத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். 1912 முதல் லண்டனில் இருந்துகொண்டு உலகமெல்லாம் ஆடி, நம் நாட்டுக்கும் வந்துபோன கம்பெனி அது. 1931 ஜனவரியில் ஹேக் நகரில் அவர் கண்மூடியதும் கலைந்துவிட்டது. அதற்கு முன்பே, 1929 ஆகஸ்டில் தியாகிலெவ் வெனிஸில் இறந்ததோடு அவர் நடத்திய ‘பாலே ரூஸ்’ குழுவும் முடிந்துபோயிற்று. இவ்வளவு பெரிய கம்பெனிகள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நேற்றிரவு பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்துப் பார்க்கப் போனேன்.

பேரணாம்பட்டில் இறங்கியதுமே தோல் ஷாப்புகளின் வாடை வந்துவிடும். ஊரைத் தாண்டினால் மலையடிவாரம், நிலக்கடலைக் கொல்லைகள், அதற்கப்பால் ஆந்திர எல்லை. கிராமத்தில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. விடிந்தால் துரியோதனன் சாயும் படுகளம் என்பதால் நேற்று கர்ண மோட்சம்.

ஆட்டம் தொடங்குமுன் கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வேடம் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கர்ணன் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொண்டார். புருவத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக வைத்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் இரண்டு பேர் இழுத்துக் கட்டினார்கள். பிறகு களரியில் இருவர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து சலங்கையும் குரலும் மட்டும் வந்தன. திரை விலகியதும் முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஏற, அவ்வளவு கனத்தையும் தாங்கிக்கொண்டு அவர் கிறிக்கி அடித்துச் சுழன்றபோது என் பக்கத்திலிருந்த பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். மனைவி பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லி ஏசும் இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு சத்தமில்லை. அவர்களில் பலர் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏற வேண்டியவர்கள். ஆனாலும் கர்ணன் சாயும்வரை எழுந்து போகவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நம்மிடமும் பெரிய நாடகக் கம்பெனிகள் இருந்தன. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். சீன் படுதா, பெட்டி, சமையல் பாத்திரம், பையன்கள் எல்லாவற்றோடும் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு ஆடினார்கள். என்.எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர்தான். 1931-இல் ‘காளிதாஸ்’ படம் வந்து சினிமா பேசத் தொடங்கியது. 1935-இல் இவர்களுடைய ‘மேனகா’ நாடகமே படமானது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகள் ஆயின. நடிகர்களும் படத்துக்குப் போனார்கள். அத்தனைக்கும் நடுவில் 1942-இல் டி.கே. சண்முகம் ‘ஔவையார்’ போட்டு, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் பெற்றார். 1950 வாக்கில் அந்த முழுநேரக் கம்பெனி வாழ்க்கை முடிந்தது. பிறகும் ‘ராஜராஜ சோழன்’ போன்ற நாடகங்களை நடத்தினார்கள். ஆனால் ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் தங்கி ஆடும் வழக்கம் திரும்பவில்லை.

பாவ்லோவாவின் கம்பெனி அவர் ஒருவரின் உடம்பை நம்பி நின்றது. டி.கே.எஸ். கம்பெனி அன்றாட வசூலை நம்பி நின்றது. உடம்பு போனதும் ஒன்று கலைந்தது, கூட்டம் சினிமாவுக்குப் போனதும் மற்றது ஓய்ந்தது. இரண்டு இடத்திலும் கலையில் குறையே இல்லை. இந்தக் கூத்து நிலைத்து நிற்பதற்குக் காரணம், இதை நடத்துவது ஊர். வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டு, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து ஜமாவை அழைக்கிறார்கள். கூத்து நடந்தால்தான் மழை பெய்யும் என்று நம்புகிறார்கள். பார்க்கப் பத்துப் பேர் இருந்தாலும் கர்ணன் விடியும்வரை ஆடியே ஆக வேண்டும்.

இதற்கும் ஆபத்து வந்துவிட்டது. இரவுகளைக் குறைக்கிறார்கள் என்று வாத்தியார் வருத்தப்பட்டார். கூத்து இருந்த இரவில் பாட்டுக் கச்சேரி வைக்கும் ஊர்களும் உண்டாம். கூத்து இல்லாத நாட்களில் அவருடைய ஆட்கள் கொத்து வேலைக்கும் கொல்லை வேலைக்கும் போகிறார்கள். தன் பையனுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவன் ஆம்பூரில் வேலைக்குப் போகிறான்.

ஆனாலும் வழி இல்லாமலில்லை. பாவ்லோவாவின் பேச்சைக் கேட்டுத்தான் ருக்மிணி தேவி நம் நாட்டு நடனத்தின் பக்கம் திரும்பினார். 1936-இல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. குழு கலைந்தாலும் கற்றுக்கொடுக்க ஒரு இடம் இருந்தால் கலை தொடரும். புரிசையில் தம்பிரான் குடும்பம் கூத்துக்கு அதைத்தான் தலைமுறைகளாகச் செய்கிறது. மற்ற ஜமாக்களை ஊர்தான் காப்பாற்ற வேண்டும். ஊர் என்றால் பிழைக்கப் பட்டணம் போன நீயும் நானும் சேர்த்திதான். உன் ஊர் அம்மனுக்கு இந்த வருஷம் எத்தனை இரவு கூத்து என்று தர்மகர்த்தாவிடம் விசாரி. குறைத்திருந்தால் ஓர் இரவின் செலவை நாம் இருவரும் ஏற்றுக்கொள்வோம். ஆடி பிறப்பதற்குள் பதில் போடு, வாத்தியாரிடம் தேதி வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்